பெரிய வீட்டுச் செங்கல்

ஜனவரி 22, திங்கள்

முதல் லோடு செங்கல் இன்று வந்து இறங்கியது. அதைச் செங்கல் என்று சொல்லக் கூடாது. எவருடைய அரிசிக் கிட்டங்கியையோ இடித்த குப்பை. ஒரு கல்லில் சுண்ணாம்பு, ஒரு கல்லில் நீலப் பெயின்ட், இன்னொன்றில் பாதி அழிந்த தேர்தல் சின்னம். லாரிக்காரன் கொட்டிவிட்டுப் போன தூசியில் அரை மணி நேரம் இருமினேன்.

எதிர் மனையில் வீடு கட்டுகிற பேங்க் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், பழசை இடிச்சிட்டுக் கட்டுதியளா?" என்றார். நான் டீச்சர் இல்லை, நர்ஸ். இதோடு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. அவருடைய மனையில் சூளையிலிருந்து நேராக வந்த புதுக் கல், ஒரே சிவப்பாக, இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அப்படித்தான் ஆசை இருந்தது.

முப்பத்தாறு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். தடுப்பூசிப் பதிவேடு, கர்ப்பிணிப் பதிவேடு, பிறப்பு, இறப்பு. தேதி போட்டு எழுதாத நாள் இல்லை. ஓய்வு பெற்றபின் எழுத ஒன்றும் இல்லாமல் கை அரித்துக்கொண்டு இருந்தது. இனி இருக்கிறது. இந்த வீடு முடிகிறவரை நடக்கிற அநியாயம் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதப் போகிறேன்.

ஜனவரி 24, புதன்

வெண்மணியோடு சண்டை. அவள் என் ஒரே மகள், ஆர்க்கிடெக்ட். இடித்த வீட்டுச் சாமான்களை வைத்துப் புது வீடு கட்டுவதுதான் அவள் தொழில். நாகர்கோவிலில் ஒரு டாக்டருக்குக் கட்டிக் கொடுத்து, அது பத்திரிகையில் படத்தோடு வந்தது.

"அந்த டாக்டர் இதுக்குன்னே என்னைத் தேடி வந்தாரும்மா" என்றாள்.

"அவரு வருவாரு. புதுசாவே பார்த்துச் சலிச்சவருக்குப் பழசு அழகா இருக்கும். நான் எங்கட்டி புதுசைப் பார்த்தேன்? அடுத்தவ உடுத்திக் கழிச்ச பாவாடை, அடுத்தவ படிச்சுக் கிழிச்ச புஸ்தகம். என் மேல பட்ட முதல் புதுத் துணி, சர்க்கார் கொடுத்த யூனிஃபார்ம். அப்போ எனக்கு இருபத்தி ரெண்டு வயசு. சாகுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வீடு கட்டுதேன். அதையும் அடுத்தவன் கழிச்சுப் போட்டதுலயா கட்டணும்?"

"யாரு கழிச்ச பாவாடை?"

"யாரோ. ஊர்ல."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசியில், "எங்க அம்மா வீட்டையே நான் இப்படிக் கட்டலன்னா, மத்தவங்ககிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல?" என்று அழுதாள். அவள் அப்பா இருந்திருந்தால் முதல் கண்ணீரிலேயே தலையை ஆட்டியிருப்பார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஆகவே நான் ஆட்டினேன்.

ஜனவரி 31, புதன்

கொத்தனார் அந்தோணி ஒன்பதரைக்கு வந்தார். எட்டு மணி என்று பேச்சு. பாதையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி திட்டினேன். இரண்டு பெண்கள் நாள் முழுதும் உட்கார்ந்து சுத்தியலால் பழைய கல்லில் ஒட்டிய காரையைக் கொத்தி எடுக்கிறார்கள். டொக் டொக் என்று மண்டைக்குள்ளேயே கொத்துவது மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 5, திங்கள்

வாசல் நிலை வைத்தோம். ஏதோ பள்ளிக்கூடத்துத் தேக்கு நிலை. இழைத்து எண்ணெய் தேய்த்திருந்தார்கள். பார்க்க மோசமில்லை. அதை வெண்மணியிடம் சொல்லவில்லை.

நிலைக்கு மாலை போடும்போது அந்தோணி, "பிள்ளைக்குத் தாய்மாமன் இருந்தா அவர் கையால போடச் சொல்லுங்கக்கா" என்றார்.

"தாய்மாமன் இல்லை" என்றேன்.

வெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஓர் அண்ணன் இருப்பதும், என் கல்யாணத்தன்று ஏதோ சண்டை நடந்து அவர் சாப்பிடாமல் போனதும் அவளுக்குத் தெரியும். எந்த ஊர், என்ன சண்டை என்று தெரியாது. அந்தோணியே மாலையைப் போட்டார்.

பிப்ரவரி 14, புதன்

கிட்டங்கிக் கல் தீர்ந்துவிட்டது. சுவர் மூன்றடியில் நிற்கிறது. பழைய வீடுகளை இடித்து விற்கிற காஜா பாய் வந்திருந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார்.

"ஒரு வீடு எடுத்திருக்கேன். நூத்திப் பத்து வருஷத்துக் கட்டடம். கல்லு ஒவ்வொண்ணும் இரும்பு. ஜன்னலு, உத்திரம், ஓடு, எல்லாம் இருக்கு. சிவனாங்குளத்துல பெரிய வீடுன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க."

"அந்த வீடு வேண்டாம்" என்றேன்.

"ஏன்க்கா? தெரிஞ்ச வீடா?"

"தூரம். லாரி வாடகை கட்டாது."

"இருபது கிலோமீட்டர்தானம்மா" என்றாள் வெண்மணி. நாளை போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். தலைவலி. மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கடைசி நிமிஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன்.

ஓடு பிரித்தாகிவிட்டது. கூரை இல்லாத வீட்டுக்குள் வெயில் கொட்டுகிறது. வாசல் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். வெண்மணி படியேறி உள்ளே போய்விட்டாள். நான் கீழேயே நின்றேன். "வாம்மா" என்றாள். முன்வாசல் வழியாக ஏறி உள்ளே போனேன். கூடம், அதைத் தாண்டி ஒரு முற்றம், வலது பக்கம் சாப்பாட்டு அறை. இவ்வளவு சின்னதா என்று இருந்தது. இத்தனை வருஷமாக என் மனசுக்குள் அந்த வீடு ஒரு கலெக்டர் ஆபீஸ் அளவுக்கு இருந்தது.

வெண்மணி ஜன்னல்களைத் தட்டிப் பார்த்தாள், அளந்தாள், போட்டோ எடுத்தாள். சுவர் அலமாரி ஒன்றின் கதவில் உயரம் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. "அழகா இருக்குல்லம்மா? இதையும் எடுத்துக்கிடுவோம்" என்றாள். நான் பின்கட்டுக்குப் போனேன். மாட்டுத் தொழுவம் இல்லை. கிணற்றுக்கு மேல் கம்பி வலை. அதையடுத்து விறகறை மட்டும் இன்னும் இடிக்காமல் நின்றது. அதற்குள் போகவில்லை.

திரும்பும்போது, "என்னம்மா, ஒரு வார்த்தை பேசல?" என்றாள்.

"வெயில்."

பிப்ரவரி 16, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

சிவனாங்குளம் லோடு வந்துவிட்டது. மூன்று லாரி. அந்தோணி ஒரு கல்லை எடுத்து இன்னொன்றில் தட்டிக் காட்டினார். வெண்கலம் மாதிரி ஓசை. "இப்படிக் கல்லு இப்போ எங்கயும் கிடைக்காதுக்கா" என்றார். கிடைக்காவிட்டால் நாசமாகப் போகட்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

கல் சுத்தம் செய்கிற பெண்களில் ஒருத்தி தண்ணீர்க் குழாயைத் திறந்து போட்டுவிட்டாள் என்று அவளைப் பிடித்துக் கத்தினேன். அவள் இல்லை, திறந்தது நான்தான் என்று அப்புறம் நினைவு வந்தது. சொல்லவில்லை. சாயங்காலம் வெண்மணி, "உனக்கு என்னம்மா ஆச்சு? நாலு நாளா எல்லாரையும் போட்டுக் கடிக்குத" என்றாள். பிரஷர் பார்த்துக்கொண்டேன். 170.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஒரு தடவை எழுதிவிடுகிறேன். எழுதினால் பிரஷர் இறங்குகிறதா பார்ப்போம்.

ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை நான் அந்த வீட்டில் வேலை செய்தேன். சாணி அள்ளுவது, தொழுவம் கூட்டுவது, கிணற்றடி கழுவுவது. எங்கள் தெருப் பிள்ளைகள் பின்கட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. என் பெயர் பூரணம்; அந்த வீட்டு ஆச்சி பெயரும் அதேதான். எஜமானியம்மாள் பெயரைச் சொல்லி வேலைக்காரியை விரட்ட முடியாதே. ஆகவே என்னைக் கருப்பி என்று கூப்பிட்டார்கள். நான் உடுத்தியது அந்த வீட்டுப் பெண் விசாலம் உடுத்திக் கழித்த பாவாடை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

அவளுடைய வெள்ளிக் கொலுசு ஒன்று காணாமல் போயிற்று. கிணற்றடியில்தான் கழற்றி வைத்தேன் என்றாள். கிணற்றடி கழுவியது நான். விறகறையில் போட்டுப் பூட்டினார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு. மூன்றாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். "போலீசுக்குச் சொல்லவா, நீயே கேக்குதியா?" என்றார் விசாலத்தின் தாத்தா, அந்த வீட்டுப் பெரியவர்.

அப்பா தொழுவத்திலிருந்து மாட்டுக் கயிற்றை எடுத்தார். "எங்கட்டி வச்ச? எங்க வச்ச?" என்று கேட்டு அடித்தார். எடுக்கலப்பா, எடுக்கலப்பா என்றேன். பெரியவர் போதும் என்று சொல்கிறவரை அடித்தார். அன்றைக்கு மாடியில் நின்று விசாலம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அப்பாவுக்குப் பெரிய வீட்டு வயலில் வேலை இல்லை. அண்ணன் மாசானம் பத்தாம் வகுப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனார். திருடி என்று பெயர் வாங்கிய பிள்ளையை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. ஆகவே பாளையங்கோட்டை அரசு விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். வெண்மணிக்கு நான் சொன்ன கதை அந்த விடுதியிலிருந்துதான் தொடங்கும்.

என் கல்யாணத்தன்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நீ கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, நானும் இன்னைக்கு வாத்தியாரா இருந்திருப்பேன்." அதோடு சரி.

பிரஷர் 168.

மார்ச் 6, புதன்

வரிசையாக எழுத வேண்டும்.

காலை பதினொரு மணி. வெண்மணி நாகர்கோவில் போயிருந்தாள். ஓர் ஆட்டோ வந்து நின்றது. கைத்தடி ஊன்றி ஓர் அம்மாள் இறங்கினாள். காஜா பாய் விலாசம் கொடுத்தாராம். "நான் சிவனாங்குளம் பெரிய வீட்டுப் பொண்ணு, விசாலம்" என்றாள்.

"வாங்க, உட்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டேன். வாய் அதுவாகச் சொன்னது, கை அதுவாகப் போட்டது.

அவள் மகன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்றுவிட்டானாம். அவள் வந்து பார்க்கும்போது மண்மேடுதான் இருந்ததாம். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு அலமாரிக் கதவு. எம் பொண்ணு உயரத்தை அதுலதான் குறிச்சு வச்சிருந்தேன். ஒம்பது வயசுல மூளைக் காய்ச்சல்ல போயிட்டா. கடைசிக் கோடு அவ பொறந்தநாளைக்குப் போட்டது. அது இங்க வந்திருக்கும்னாரு பாய்" என்று அழுதாள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நீ கருப்பிதான?"

"என் பேரு பூரணம்."

"ஆமா, ஆமா, எங்க ஆச்சி பேரு! எம்மா, எத்தனை வருஷம் ஆச்சு! நர்சா இருந்தவங்க வீடுன்னு பாய் சொன்னாரு, அது நீயா? எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், அந்தக் கொலுசு விஷயத்துல உன்னைப் போட்டு என்ன பாடு படுத்திட்டாவ. அது மறு வாரமே கிடைச்சிட்டு, தெரியும்லா?"

தெரியாது.

"திருகாணி ஒடைஞ்சு போச்சு. அம்மா அடிப்பாளேன்னு நாந்தான் நெல்லுக் குதிருக்குள்ள போட்டுட்டேன். சின்னப் பிள்ளைதான? நெல்லு அள்ளும்போது வந்துட்டு. உங்க வீட்டுக்குச் சொல்லி விடணும்னு அம்மா சொன்னா. தாத்தாதான் கூடாதுன்னுட்டாவ. இப்பப் போய்த் தப்பு நம்ம மேலன்னு சொன்னா, நாளைக்கு ஒருத்தனும் பயப்பட மாட்டான்னுட்டாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டில் நடந்த பழைய வேடிக்கை ஒன்றைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தோணியைக் கூப்பிட்டு அந்த அலமாரிக் கதவை எடுத்துவந்து ஆட்டோவில் வைக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டேன் என்று நினைத்து அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் ஏறிய பிறகு நானும் ஏறி, கதவை மடியில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"சிவனாங்குளம் போப்பா" என்றேன்.

"அங்க எதுக்கு?"

"எங்க அண்ணன் இருக்காரு. இப்போ என்கிட்ட சொன்னியே, அதை அவருகிட்டச் சொல்லு. சொல்லிட்டுக் கதவை எடுத்துட்டுப் போ."

அவளை 'நீ' என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எனக்கு முட்டு வலி, கருப்பி. இன்னொரு நாளைக்கு..."

"பூரணம்."

அதன்பின் அவள் கதவிலிருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் வாசலில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தார், யார் என்று தெரிந்தும் அசையவில்லை. அப்புறம் ஆட்டோவிலிருந்து இறங்கியவளைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அறுபத்தைந்து வயது மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துண்டைத் தோள்ல போடுண்ணே" என்றேன். போடவில்லை.

விசாலம் சொன்னாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. தரையைப் பார்த்து மூன்றே வாக்கியம். கொலுசை நான்தான் ஒளிச்சு வச்சேன், மறு வாரம் கிடைச்சுது, யாருக்கும் சொல்லல. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். "உரக்கச் சொல்லு" என்றேன். மறுபடி சொன்னாள்.

அண்ணன் கேட்டது ஒன்றுதான். "மறு வாரமேவா?"

"ஆமா."

"எங்க அப்பா அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் இருந்தாரு."

அவ்வளவு சொல்லிவிட்டுத் துண்டைக் கையில் பிடித்தபடி உள்ளே போய்விட்டார். கதவை விசாலத்திடம் கொடுத்து, ஆட்டோக்காரனிடம் அவளை வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னேன். நான் டவுன் பஸ் பிடித்துத் திரும்பினேன். உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டேதான் வந்தேன்.

மார்ச் 7, வியாழன்

செத்துப் போன பிள்ளையின் கோடுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாயை மிரட்டியிருக்கிறேன். எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மாரைத் தேற்றியவள் நான். வருத்தமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. நேற்று மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

மார்ச் 11, திங்கள்

அலமாரிக் கதவு எங்கே என்று நான்கு நாளாக வெண்மணி தேடிக்கொண்டிருந்தாள். இன்று காலை சொல்லிவிட்டேன். வேலை நடக்கிற இடத்திலேயே, மணல் மேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாணி, பாவாடை, கொலுசு, கயிறு. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எந்தச் சுவரும்மா? இந்தப் பக்கம் பூரா அந்தக் கல்லுதான? இடிச்சிருவோம்."

அந்தோணி பதறி ஓடிவந்தார். சுவர் ஏழடி எழும்பியிருந்தது.

"கீழ போடு" என்றேன்.

"எப்படிம்மா நீ இதுக்குள்ள படுப்ப? எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த ஊர்ப் பக்கமே போயிருக்க மாட்டேனே. ஏன் சொல்லல? வேண்டாம் வேண்டாம்னியே, ஒரு வார்த்தை ஏன்னு சொன்னியா?"

"நீ ஆர்க்கிடெக்ட்தான? சுவரு யாருக்குச் சொந்தம்?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லுட்டி. யாரு வீட்டுக் கடப்பாரையை எடுத்துக்கிட்டு யாரு வீட்டை இடிக்க வந்திருக்க? இது என் வீடு. அந்தோணி ஒரு மாசமா வெயில்ல நின்னு கட்டினது. ஒரு கல்லு விழுந்துது, உன்னை மனைக்குள்ள விட மாட்டேன்."

கடப்பாரையை மணலில் குத்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள். கல் சுத்தம் செய்கிற பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் அன்றைக்குக் குழாய்க்காகக் கத்தினேனே, அதே பெண். பெயர் லூர்து. இன்றைக்குத்தான் கேட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

வேலை இல்லாத நாள். சுவருக்குத் தண்ணீர் விட நான் மட்டும் போயிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் நிற்கிறார். விலாசம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஆட்டோக்காரனிடம் கேட்டாராம்.

அவர் வீட்டுக்குள் வரவில்லை. சுவரை ஒட்டியே ஒரு சுற்று வந்தார். நாற்பது வருஷம் சூளையில் நின்ற கை. ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே நடந்தது.

"எது அவிய வீட்டுக் கல்லு?"

காட்டினேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும், நீ எடுக்கலன்னு" என்றார்.

குழாய் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"அப்பாவுக்கும் தெரியும். அன்னைக்குச் சாயங்காலமே சொன்னாரு. எம் பிள்ளை எடுத்திருக்க மாட்டா, நான் அடிக்கலன்னா போலீசுல கொண்டுபோய் விடுவானுவ, அங்க விட்டா பொம்பளப் பிள்ளை முழுசாத் திரும்பி வராதுன்னாரு. சாப்பிடாமக் கிடந்தாரு."

"தெரிஞ்சுதான் கல்யாணத்துல அப்படிச் சொன்னியா?"

"ஆமா."

"தெரிஞ்சுதானா!" என்று கத்தினேன். எதிர் மனைக் காவலாளி எழுந்து நின்று பார்த்தார். "முப்பத்தி நாலு வருஷம், மாசானம்! எம் புருஷன் செத்ததுக்கு நீ வரல. எம் பிள்ளைக்கு மாமன்னு ஒருத்தன் முகம் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டே என்னைத் திருடின்னு சொன்னியா?"

"நான் யாரு மேலட்டி கோபப்பட?" அவரும் கத்தினார். "படிப்பு போச்சு. கல்லு சுமந்தேன். பெரிய வீட்டு வாசல்ல போய் நின்னு கத்த முடியுமா? கத்தினா தெருவையே கொளுத்துவானுவ. அப்பாவைப் பார்த்தா பாவமா இருக்கு. கோபம் யாரு மேலயாவது போகணும்லா? உன் மேலன்னா முடிஞ்சுது. நீ திருப்பி ஒண்ணும் செய்ய மாட்ட."

விழுந்த குழாயிலிருந்து தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவரே குனிந்து எடுத்தார். அடிச்சுவரிலிருந்து மேலே, மேலேயிருந்து கீழே என்று சீராக விட்டார். நான் விட்டதைவிட நன்றாக விட்டார். நான்கு சுவரும் நனைகிறவரை குழாயை என்னிடம் திருப்பித் தரவில்லை.

அவர் கிளம்பினார். ஐம்பதடி போய்விட்டார்.

"ஏ!" என்றேன். திரும்பினார். "ஏப்ரல் நாலாம் தேதி தளம் போடுதோம். காலையில ஆறு மணிக்கு. நிலை வைக்கும்போதுதான் மாமன் இல்லாமப் போச்சு. இதுக்காவது வந்து தொலை."

தலையை ஆட்டினாரா என்று தெரியவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

மார்ச் 18, திங்கள்

அப்பா நம்பாமல் அடித்தார் என்று நாற்பத்தொன்பது வருஷம் கோபமாக இருந்தேன். அவர் சாகக் கிடந்தபோது போனேன். மருந்து கொடுத்தேன், துடைத்துவிட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. நம்பித்தான் அடித்தார் என்றால் அந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்றைக்கு அந்தோணி பத்து மணிக்கு வந்தார். திட்ட வாயைத் திறந்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்றார். எத்தனை நாளாக, வாந்தி இருக்கிறதா என்று கேட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுபடியும் வீட்டுக்கே அனுப்பினேன்.

ஏப்ரல் 4, வியாழன்

தளம் போட்டாயிற்று.

வெண்மணியின் முறை வேறு. கம்பி கட்டி, அதன் கட்டங்களுக்குள் பழைய ஓடுகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே கான்கிரீட். சிமென்ட் குறையும், வீட்டுக்குள் சூடு இறங்காது என்கிறாள். பேங்க் மேனேஜர் இன்றைக்கும் வந்து பார்த்தார். "ஓட்டு மேலயா தளம் போடுதிய, டீச்சர்?" என்றார். "நர்ஸ்" என்று நான் கத்திய கத்தலில் கலவை மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

அண்ணன் ஐந்தரைக்கே வந்து நின்றார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. வெண்மணி போய்க் காலைத் தொட்டாள். "நீதான் அதுவா?" என்றார். அவ்வளவுதான் அவருக்குப் பேச வந்தது. அடுத்த நிமிஷமே சாரத்தில் ஏறி, அடுக்கியிருந்த ஓடுகளையெல்லாம் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். "இது கீறல் ஓடு. இதுவும். எவன் எடுத்து வச்சது?" என்று ஏழெட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அந்தோணிக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாகத் தளம் போடுகிறேன், எனக்குத் தெரியாதா என்றார். நான் உன்னை மாதிரி எத்தனை கொத்தனாருக்குக் கல் கொடுத்திருக்கிறேன் தெரியுமா என்றார் இவர். நான் அந்தோணி பக்கம் பேசினேன். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஓடுகளை மட்டும் மாற்றியே தீர்ந்தார்.

ஒரு மணிக்குக் கான்கிரீட் முடிந்தது. வேலைக்கு வந்த இருபத்தோரு பேருக்கும் சாப்பாடு. எல்லாரையும் உள்ளே, புதுத் தளத்தின் கீழ், முட்டுக் கம்புகளுக்கு நடுவில் உட்கார வைத்தோம். லூர்துவும் நானும் பரிமாறினோம். அண்ணன் பெரிய வீட்டுக் கல் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

"கை இருக்குல்லா? போட்டுக்கோ" என்று சட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தேன். போட்டுக்கொண்டார். "குழம்புல உப்பு பத்தல" என்றார்.

"முப்பத்தி நாலு வருஷம் கழிச்சு வந்து உப்புக் குறை சொல்லுதியா? வெக்கமா இல்ல உனக்கு?" என்று ஆரம்பித்தேன். முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே மூன்றாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு வெண்மணி பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, "மாமாவை மன்னிச்சிட்டியாம்மா?" என்றாள்.

"இல்லை."

"பிறகு எதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரச் சொன்ன?"

"திட்டணும்னா ஆளு பக்கத்துல இருக்கணும்லா" என்றேன்.